பாலூட்டிகளின் விழித்திரை வெட்டுகள்: எது விலங்கின் இயல்பு, எது வெட்டிய இடத்தின் விளைவு?

நுண்வெட்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

முதுநிலை விலங்கியல் செய்முறைப் பாடத்திற்காகப் பாலூட்டிகளின் விழித்திரைத் திசுவை ஒப்பிட்டு ஒரு குறிப்பேடு தயாரித்து வருகிறேன். ஹிமட்டாக்சிலின்–ஈயோசின் சாயமேற்றிய ஐந்து பாரஃபின் வெட்டுகள் என்னிடம் உள்ளன: சுண்டெலி, முயல், பூனை, பசு, மனிதர். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு வெட்டுதான் கிடைத்தது. அது கண்ணின் மேற்பாதியிலிருந்து வந்ததா கீழ்ப்பாதியிலிருந்தா, நடுவிலிருந்தா ஓரத்திலிருந்தா என்ற குறிப்பு எந்த ஸ்லைடிலும் இல்லை.

நிறமி எபிதீலியம் தொடங்கி உள் எல்லைப் படலம் வரை பத்து அடுக்குகளையும் ஐந்திலும் இனங்காண முடிகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். சுண்டெலியின் வெளி நியூக்ளியர் அடுக்கில் (ஒளியுணர் செல்களின் உட்கருக்கள் இருக்கும் அடுக்கு) 11 வரிசை உட்கருக்களை எண்ணினேன். மனித வெட்டில் 4 வரிசைக்கு மேல் இல்லை. சுண்டெலியில் அந்த உட்கருக்களுள் பெரும்பாலானவற்றின் நடுவில் ஒரே ஒரு கரும்பொட்டு இருக்கிறது. மனித உட்கருக்களில் அப்படி எதுவும் தெரியவில்லை. முயலின் விழித்திரைக்குள் ஓர் இரத்தக்குழாய்கூடக் கண்ணில் படவில்லை. பசுவின் நிறமி எபிதீலியத்தில் நிறமியே இல்லை. அதற்குப் பின்னால் இளஞ்சிவப்பு நிறத்தில் அலையலையான ஒரு பட்டை ஓடுகிறது. பூனையின் விழித்திரையோ நிறமி எபிதீலியத்தை விட்டு முழுவதுமாகப் பிரிந்து கிடக்கிறது.

இவற்றுள் எவை அந்தந்த விலங்குக்கே உரியவை, எவை வெட்டிய இடத்தால் வந்தவை, எவை திசுவைப் பதப்படுத்தும்போது நேர்ந்தவை என்று பிரித்தறிவது எப்படி? குறிப்பேட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, "இரவாடி", "பகலாடி" என்ற இரு தலைப்புகளின்கீழ் தொகுக்கலாம் என்று எண்ணியிருந்தேன். அதுவும் சரியான முறைதானா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அடுக்குநோக்கி

வணக்கம். நான் திசுவியல் கற்பிப்பவன். தாங்கள் கேட்டிருப்பது இந்தப் பாடத்தில் மிக அவசியமான கேள்வி. பெரும்பாலான மாணவர்கள் பத்து அடுக்குகளுக்குப் பெயரிட்டவுடன் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். அடுக்குகளின் வரிசை எந்தப் பாலூட்டியிலும் மாறுவதில்லை. மாறுபவை அந்த அடுக்குகளின் விகிதங்களும், அவற்றில் உள்ள செல்களின் வகையும்தான். ஆகவே ஒப்பீடு தொடங்க வேண்டிய இடம் அங்கே.

முதலில் வரிசைகளின் எண்ணிக்கையைப் பார்ப்போம். சுண்டெலியின் ஒளியுணர் செல்களில் ஏறத்தாழ 97 விழுக்காடு, மங்கலொளியில் இயங்கும் குச்சி செல்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சராசரியாக 4,37,000 குச்சி செல்கள் நெருங்கி நிற்கின்றன. அப்படியானால் ஒரு குச்சிக்குக் கிடைக்கும் இடம் சுமார் 2.3 சதுர மைக்ரோமீட்டர். ஆனால் அதன் உட்கருவின் விட்டம் ஐந்தரை மைக்ரோமீட்டர் அளவில் இருப்பதால், அந்த உட்கரு அடைக்கும் பரப்பு கிட்டத்தட்ட 24 சதுர மைக்ரோமீட்டர் ஆகிறது. 24-ஐ 2.3-ஆல் வகுத்துப் பாருங்கள், பத்துக்குச் சற்று மேலே வரும். உட்கருக்கள் அருகருகே நிற்க இடமில்லாததால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தாங்கள் எண்ணிய 11 வரிசை இந்த நெருக்கத்தின் நேரடிப் பதிவு. நலமான சுண்டெலியில் விழித்திரையின் நடுப்பகுதியில் 10 முதல் 12 வரிசை இருப்பது இயல்பு.

மனித வெட்டின் 4 வரிசையை இதே உறுதியுடன் "மனித இயல்பு" என்று எழுதிவிட வேண்டாம். அது ஓரப்பகுதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எந்த இடம் என்பதை அறிய, மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்கிலியன் செல்களின் அடுக்கைப் பாருங்கள். விழித்திரையின் மையமான மஞ்சள் புள்ளிப் பகுதியில் கேங்கிலியன் செல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளாக இருக்கும். அதற்கு வெளியே ஒற்றை வரிசைதான், ஓரத்தை நெருங்க நெருங்க அதிலும் இடைவெளி விழும். மஞ்சள் புள்ளியின் நடுவிலுள்ள மையக்குழிக்குள்ளேயோ காட்சி முற்றிலும் வேறு. அங்கே உள் அடுக்குகள் அனைத்தும் பக்கவாட்டில் விலக்கப்பட்டு, பகலொளிக்குரிய கூம்பு செல்களும் அவற்றின் உட்கருக்களும் சரிந்தோடும் நார்களும் மட்டுமே எஞ்சியிருக்கும். ஒரே மனிதக் கண்ணின் மூன்று இடங்களை வெட்டி அருகருகே வைத்தால், அவை மூன்று வெவ்வேறு விலங்குகளுடையவை என்று நம்பிவிடும் அளவுக்கு வேறுபட்டிருக்கும்.

கரும்பொட்டைக் கவனித்தது மிக நல்ல கூர்நோக்கு. வழக்கமான உட்கருவில் இறுகிய குரோமேட்டின் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த பொருள்) ஓரத்தில் படிந்திருக்கும், தளர்ந்தது உள்ளே இருக்கும். சுண்டெலியின் குச்சி செல்லில் இது தலைகீழாகிவிடுகிறது: இறுகிய பகுதி முழுவதும் நடுவில் ஒரே உருண்டையாகத் திரண்டு, தளர்ந்த பகுதி அதைச் சுற்றி ஓர் உறையாக அமைகிறது. 2009-இல் வெளியான ஆய்வொன்று, இந்தத் தலைகீழ் அமைப்பு இரவில் நடமாடும் பாலூட்டிகளின் குச்சி செல்களுக்கு உரியது என்பதையும், இப்படி அமைந்த ஒவ்வொர் உட்கருவும் ஒளியைச் சிதறவிடாமல் முன்னோக்கிக் குவிக்கும் ஒரு நுண்ணிய லென்ஸைப் போல் செயல்படுகிறது என்பதையும் காட்டியது. பாலூட்டியின் விழித்திரையில் ஒளி மற்ற அடுக்குகளை எல்லாம் கடந்த பின்னரே, ஒளியை ஏற்கும் முனையான குச்சியின் வெளிக்கண்டத்தை அடைகிறது என்பதால், 10, 12 உட்கருக்கள் குறுக்கே நிற்கும் விலங்குக்கு இது சிறிய உதவி அன்று. சுண்டெலிக் குட்டி இந்த அமைப்புடன் பிறப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்த பின் சில வாரங்களில்தான் சிறு சிறு திரள்கள் ஒன்றுகூடி ஒரே பொட்டாகின்றன.

எண்ணெய்முழுக்கு லென்ஸ் இருந்தால் அதே அடுக்கின் வெளி விளிம்பை, அதாவது வெளி எல்லைப் படலத்தை ஒட்டிய ஒன்றிரண்டு வரிசைகளை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கரும்பொட்டுகளுக்கு நடுவே சற்று வெளிறி, ஒழுங்கற்ற இரண்டு மூன்று திட்டுகளுடன் ஓர் உட்கரு ஆங்காங்கே தென்படும். அவைதான் கூம்பு செல்கள். எந்தச் சிறப்புச் சாயமும் இல்லாமல், சாதாரண வெட்டிலேயே சுண்டெலியின் கூம்புகளை எண்ண இதுவே எளிய வழி.

இறுதியாக, தடிமனை மைக்ரோமீட்டரில் ஒப்பிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். பாரஃபின் திசுவைச் சுருக்கும். வெட்டு சாய்ந்தால் எல்லா அடுக்குகளும் பருத்துத் தெரியும். வெளிக்கண்டங்கள் நீளக் கோடுகளாகத் தெரியாமல் புள்ளிகளாகத் தெரிந்தால் வெட்டு சாய்ந்துவிட்டது என்று பொருள். வெளி நியூக்ளியர் அடுக்குக்கும் உள் நியூக்ளியர் அடுக்குக்கும் இடையிலான விகிதம் அதைவிட நம்பகமானது. சுண்டெலியில் வெளி அடுக்கு தடிப்பாக இருக்கும். பகலில் நடமாடும் தரை அணிலில் கூம்பு செல்களே பெரும்பான்மை என்பதால் வெளி அடுக்கு இரண்டு வரிசை அளவுக்கு மெலிந்து, உள் அடுக்கு அதைவிடத் தடித்துவிடுகிறது. பல குச்சிகள் ஒரே இருமுனை நியூரானில் வந்து கூடுவதற்கும், ஒரே கூம்பு பல இருமுனை நியூரான்களுக்குச் செய்தி அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு விகிதத்தில் தெரிந்துவிடும்.

கால்நடைத்திசு

கால்நடை நோய்க்குறியியலில் பணிபுரிபவள் என்ற முறையில் பசு, முயல், பூனை மூன்றையும் பற்றி எழுதுகிறேன்.

பசுவின் கண்ணில் தாங்கள் கண்ட இளஞ்சிவப்புப் பட்டை டேப்பீட்டம். அது விழித்திரையின் பகுதியன்று, அதற்குப் பின்னால் இரத்தக்குழாய்கள் நிறைந்த கோராய்டின் பகுதி. பசு, ஆடு, குதிரை ஆகியவற்றில் அது கொலாஜன் நார்களால் ஆனது. நார்கள் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் படிந்திருப்பதால்தான் விழித்திரையைக் கடந்து வந்த ஒளியை மீண்டும் ஒளியுணர் செல்களுக்கே திருப்பி அனுப்புகின்றன. அதற்கு முன்னால் நிற்கும் நிறமி எபிதீலியத்தில் மெலனின் இருந்தால் ஒளி அங்கேயே உறிஞ்சப்பட்டு இந்த ஏற்பாடே பயனற்றதாகிவிடும். ஆகவே டேப்பீட்டம் உள்ள இடத்தில் மட்டும் அந்தச் செல்கள் நிறமியின்றி இருக்கின்றன. இதிலிருந்து தங்கள் வெட்டு பசுவின் கண்ணின் மேற்பாதியிலிருந்து வந்தது என்றும் உறுதியாகச் சொல்லலாம், ஏனெனில் டேப்பீட்டம் அங்குதான் அமைகிறது. பட்டையைக் குறுக்கே ஊடுருவிச் செல்லும் மெல்லிய தந்துகிகளையும் தேடிப் பாருங்கள். விழித்திரைக்கு நேர் பின்னாலுள்ள தந்துகி அடுக்குக்கு இரத்தம் அவற்றின் வழியாகவே வருகிறது. கண்ணை வெளியிலிருந்து சோதிக்கும்போது கரும்புள்ளிகளாகத் தெரியும் "வின்ஸ்லோவின் விண்மீன்கள்" இவைதான்.

பூனையிலும் டேப்பீட்டம் உண்டு, ஆனால் அது நாரால் ஆனதன்று. தட்டையான செல்கள் செங்கல் சுவர் போல் பல வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒளியைத் திருப்புபவை அந்தச் செல்களுக்குள் உள்ள, துத்தநாகம் செறிந்த நுண்கோல்கள். நாய்க்கும் இதே வகைதான். பணி ஒன்றாக இருந்தும் கட்டுமானம் இரண்டு விதம் என்பதால், இதற்குக் குறிப்பேட்டில் ஒரு தனிப் பக்கமே கொடுக்கலாம். மனிதருக்கும் பன்றிக்கும் முயலுக்கும் சுண்டெலிக்கும் டேப்பீட்டம் இல்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த தொடக்கத்தில் ஒரு முயல் கண்ணின் வெட்டில் நிறமி எபிதீலியம் வெளிறியிருப்பதைக் கண்டு, அது ஏதோ சிதைவு என்று எண்ணி அரைநாள் அதன்பின் அலைந்தேன். அது வெள்ளை முயல். அதன் கண்ணில் எங்குமே மெலனின் இல்லை என்பதை ஐரிஸைப் பார்த்திருந்தால் முதல் நிமிடத்திலேயே அறிந்திருப்பேன். நிறமி இல்லை என்றால் முதலில் ஐரிஸையும் கோராய்டையும் பாருங்கள். அங்கே நிறமி இருந்து எபிதீலியத்தின் ஒரு பகுதியில் மட்டும் இல்லையென்றால் டேப்பீட்டத்தை எண்ணலாம். எங்குமே இல்லையென்றால் அது வெளிறிய இன விலங்கு.

சுண்டெலிக்கும் இதுபோன்ற கவனம் தேவை. ஆய்வகச் சுண்டெலி இனங்கள் சிலவற்றில், குறிப்பாக சி3எச், எஃப்விபி ஆகியவற்றில், குச்சி செல்களை அழிக்கும் மரபுப்பிழை பரம்பரையாக வருகிறது. குட்டி வளர்ந்து சில வாரங்களுக்குள் வெளி நியூக்ளியர் அடுக்கு ஒற்றை வரிசையாகக் குறைந்துவிடும். குச்சியற்ற சுண்டெலி விழித்திரையைக் கீலர் 1924-லேயே விவரித்திருக்கிறார். தங்கள் வெட்டில் 11 வரிசை இருப்பதால் அந்தக் கவலை இல்லை. என்றாலும் இனத்தின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதுவது முறை.

முயலின் இரத்தக்குழாய்கள் பற்றி: பாலூட்டிகளின் விழித்திரை இரத்த ஓட்டம் நான்கு விதமாகப் பிரிக்கப்படுகிறது. மனிதர், பூனை, நாய், பசு, பன்றி, சுண்டெலி ஆகியவற்றில் விழித்திரை முழுவதும் குழாய்கள் பரவியிருக்கும். முயலில் பார்வை நரம்புத் தட்டின் இருபுறமும் கிடையாக நீளும் இரு பட்டைகளில் மட்டும் அவை இருக்கும். குதிரையில் தட்டைச் சுற்றிச் சிறிது தூரம்தான். பழந்தின்னி வௌவால் போன்றவற்றில் விழித்திரைக்குள் குழாயே கிடையாது. உறவு நெருக்கம் இதைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு எலியும் கினிப்பன்றியும் சான்று. இரண்டும் கொறிப்பன, ஆனால் எலிக்கு முழுப் பரவல், கினிப்பன்றிக்கோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. குழாயில்லாத விழித்திரை கோராய்டிலிருந்து ஊறிவரும் ஆக்சிஜனையே நம்பியிருப்பதால் மெலிந்தே இருக்கும். பழந்தின்னி வௌவால் இந்த எல்லையை வேறு விதமாகத் தாண்டுகிறது: அதன் கோராய்டு கூம்புக் கூம்பாக விழித்திரைக்குள் எழுந்து, ஒவ்வொரு முகட்டிலும் தந்துகிகளை ஏந்தி நிற்கிறது. வெளி அடுக்குகள் மேடும் பள்ளமுமாக அந்த முகடுகளைத் தழுவி ஓடும். திசுவியலில் நான் பார்த்த மிக அழகிய காட்சிகளில் அதுவும் ஒன்று.

பூனையின் பிரிந்த விழித்திரை பெரும்பாலும் பதப்படுத்தியதன் விளைவுதான். உறுதி செய்ய மூன்று இடங்களைப் பாருங்கள். நிறமி எபிதீலியச் செல்கள் தட்டையாகவே இருக்கின்றனவா அல்லது கல்லறைக் கல் போல் குவிந்து உயர்ந்திருக்கின்றனவா? இடைவெளி வெறுமையாக இருக்கிறதா அல்லது இளஞ்சிவப்புப் புரதநீர் தேங்கியிருக்கிறதா? முறிந்த வெளிக்கண்டத் துண்டுகள் எபிதீலியத்தின்மேல் ஒட்டியிருக்கின்றனவா? தட்டையான செல்கள், வெற்றிடம், ஒட்டிய துண்டுகள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்தப் பிரிவு இறந்த பின் நேர்ந்தது. உயிருடன் இருக்கும்போதே பிரிந்திருந்தால் செல்கள் குவிந்து, இடைவெளியில் திரவம் நிற்கும்.

நுண்வெட்டு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை மீண்டும் ஸ்லைடுகளுடன் அமர்ந்தேன். முயலின் ஐரிஸில் நிறமி துளியும் இல்லை. அது வெளிறிய இனம்தான். பூனையின் நிறமி எபிதீலியம் தட்டையாக இருக்கிறது, அதன்மேல் ஈயோசின் ஏற்ற குறுந்துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன, இடைவெளியில் எதுவும் இல்லை. பசுவின் பட்டையில் ஓரிடத்தில் தந்துகி ஒன்று நேர் குறுக்காகச் செல்வதைக் கண்டேன். அதற்குள் மூன்று சிவப்பணுக்கள் வரிசையாக நிற்கின்றன. மனித வெட்டில் கேங்கிலியன் செல்கள் ஒற்றை வரிசையாக, இடைவெளிவிட்டுத்தான் இருக்கின்றன.

இன்னொரு கேள்வி. கேங்கிலியன் செல் அடுக்கில் உள்ள உட்கருக்களை எண்ணி, அந்த எண்ணை விலங்குக்கு விலங்கு ஒப்பிடலாமா?

மையக்குழி

அந்த எண்ணை அப்படியே ஒப்பிட வேண்டாம். சுண்டெலியில் அந்த அடுக்கின் நியூரான்களில் பாதிக்கு மேற்பட்டவை கேங்கிலியன் செல்களே அல்ல. அவை இடம்மாறி அமர்ந்த அமக்ரைன் செல்கள் (வழக்கமாக உள் நியூக்ளியர் அடுக்கில் இருக்கும் இடைநியூரான்கள்). மனிதரின் விழித்திரை நடுவில் அவற்றின் பங்கு மிகக் குறைவு. சாதாரணச் சாயத்தில் இரண்டையும் ஐயமின்றிப் பிரிக்க இயலாது; ஆர்பிபிஎம்எஸ் புரதத்திற்கான எதிர்ப்பொருள் கொண்டு சாயமேற்றினால் கேங்கிலியன் செல்கள் தனியே தெரியும். சாதாரண வெட்டில் செல்லின் அளவை வேண்டுமானால் குறித்துக்கொள்ளலாம். இதன் எல்லையைக் காட்டுவது ஓங்கில் (டால்பின்): அதன் கேங்கிலியன் செல்கள் மிக அரிதாகப் பரவியிருந்தாலும், சிலவற்றின் உடல் மட்டுமே 70 மைக்ரோமீட்டரைத் தாண்டுகிறது. சுண்டெலியின் வெளி நியூக்ளியர் அடுக்கு முழுவதையும்விட அந்த ஒரு செல் பெரியது.

"இரவாடி", "பகலாடி" என்ற தலைப்புகளைப் பற்றி அடுக்குநோக்கி ஐயா எதுவும் சொல்லவில்லை. நான் மாற்றுக் கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். இரவு விலங்குகளில் குச்சிகளும் பகல் விலங்குகளில் கூம்புகளும் மிகுந்திருப்பதை ஒப்பிட்டு, குச்சி மங்கலொளிக்கும் கூம்பு பகலொளிக்கும் நிறத்திற்கும் உரியது என்று 1866-இல் மாக்ஸ் ஷுல்ட்சே முடிவுகட்டினார். அந்த அடிப்படை இன்றும் அசையாமல் நிற்கிறது. ஆனால் அதை விலங்குகளை அடுக்கும் பெட்டியாக ஆக்கினால் பல உண்மைகள் நழுவிவிடும். மையக்குழியை எடுத்துக்கொள்வோம். பாலூட்டிகளில் உண்மையான மையக்குழி உள்ளவை குரங்குகளும் மனிதக்குரங்குகளும் மனிதரும் தேவாங்கை ஒத்த டார்சியரும்தான். அந்த டார்சியர் முழு இரவாடி. அதே இரவில் வாழும் தேவாங்குக்கு மையக்குழி இல்லை, டேப்பீட்டம் இருக்கிறது. டார்சியருக்கோ டேப்பீட்டம் இல்லை. வாழும் நேரம் ஒன்றாக இருந்தும் கண் இரண்டு விதமாக அமைந்ததற்கு வமிசம் காரணம். பகலில் வாழ்ந்த முன்னோரிடமிருந்து டார்சியர் வந்தது என்று கொண்டால்தான் இதற்குப் பொருள் விளங்கும்.

நிறம் உணரும் கூம்புகளிலும் இதே நிலைதான். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இரண்டு வகைக் கூம்புகள் உண்டு. திமிங்கிலங்களும் கடல்நாய்களும் குற்றலை ஒளிக்குரிய கூம்பை இழந்துவிட்டன. நீலம் ஆழ ஊடுருவும் கடலில் நீலத்தை உணரும் கூம்பு இல்லாமற்போனது, வாழிடத்தை மட்டும் வைத்து விளக்க முடியாத புதிர். சுண்டெலியின் கண்ணிலோ இந்த வேறுபாடு ஒரே விழித்திரைக்குள் நிகழ்கிறது: கீழ்ப்பாதியின் கூம்புகளில் புறஊதாவை ஏற்கும் ஆப்சின் (ஒளியுணர் புரதம்) மிகுந்து, மேற்பாதியில் பச்சையை ஏற்கும் ஆப்சின் மிகுந்து காணப்படுகிறது. கீழ்ப்பாதிதான் வானத்தைப் பார்க்கிறது.

நாயைப் பற்றியும் ஒரு வரி. நெடுங்காலம் அதன் விழித்திரையில் கூம்புகள் சற்றே செறிந்த ஒரு மையப்பகுதி மட்டும் உண்டு என்று எழுதி வந்தோம். 2014-இல் அந்தப் பகுதிக்குள் ஒரு சிறு வட்டத்தில் சதுர மில்லிமீட்டருக்கு 1,20,000-க்கும் மேற்பட்ட கூம்புகள் இருப்பது கண்டறியப்பட்டது. குழி இல்லை, ஆனால் செறிவு குரங்கின் மையக்குழிக்கு அருகில் வருகிறது. அந்த வட்டம் தவறிப்போன ஒரு வெட்டை வைத்து "நாய்க்குக் கூர்மையான மையம் இல்லை" என்று யார் எழுதியிருந்தாலும் அவரைக் குறைசொல்ல முடியாது. தாங்கள் விலங்குக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதற்குப் பதிலாக, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இடத்தைத் தலைப்பாக எழுதுவதே நேர்மையான முறை என்று கருதுகிறேன்.

அடுக்குநோக்கி

மையக்குழி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். தலைகீழ் உட்கருவைப் பொறுத்தவரை இரவு, பகல் என்ற பிரிவு நன்றாகவே பொருந்துகிறது; மற்ற கூறுகளுக்கும் அதையே நீட்டுவது சரியன்று. குறிப்பேட்டில் தனித்தனிக் கூறாக எடுத்து எழுதினால் இந்தச் சிக்கல் எழாது: உட்கருவின் அமைப்பு, டேப்பீட்டம், இரத்தக்குழாய், செறிவு மிகுந்த இடத்தின் வடிவம். கடைசிக் கூறில் மனிதரின் குழி, பூனையின் வட்ட மையம், முயலின் கிடைக்கோட்டுப் பட்டை மூன்றையும் படமாக வரைந்தால் போதும்.

கால்நடைத்திசு

மறுபடியும் கண்களைப் பதப்படுத்தும் வாய்ப்பு கிடைத்தால் சில நடைமுறைகளைப் பின்பற்றுங்கள். வெறும் ஃபார்மலினைவிட டேவிட்சன் கரைசல் விழித்திரையை நன்றாக ஒட்டி வைக்கும். இறந்தவுடன் விழித்திரை விரைவாகச் சிதையத் தொடங்குவதால் தாமதிக்கக் கூடாது. கண்ணை எடுப்பதற்கு முன்பே அதன் மேற்புறத்தில் ஒரு தையலிட்டுக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு மேல் எது, கீழ் எது என்று எளிதில் சொல்ல முடியாது. பசுவுக்கும் பூனைக்கும் பார்வை நரம்பின் வழியாகச் செங்குத்தாக வெட்டினால் டேப்பீட்டம் உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் ஒரே ஸ்லைடில் வந்துவிடும். முயலுக்கு மட்டும் நரம்பிலிருந்து சற்றே பக்கவாட்டில் விலகிச் செங்குத்தாக வெட்டுங்கள். அப்போது மைலின் உறையிட்ட நார்களும் குழாய்களும் நிறைந்த பட்டை குறுக்குவாட்டில் கிடைக்கும், அதற்குக் கீழே கூர்பார்வைப் பட்டையும் அதே வெட்டில் வரும். தாங்கள் தேடிக் காணாத இரத்தக்குழாய்கள் அந்த ஒரு பட்டையில்தான் இருக்கின்றன.